மல்லையா, புதுவையா: வேலூரிலிருந்து ஒரே நாளில்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். சாமி 1981இல் திரும்பி வந்துவிட்டார். கடல் வரப்போவதில்லை, நாம்தான் போகவேண்டும். விடியலில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப, பழைய துறைமுக ஊர்கள் இரண்டு தோதாக இருக்கின்றன: மாமல்லபுரம், புதுச்சேரி.

பயணச் சுகத்தில் மாமல்லபுரத்துக்கே என் ஓட்டு. தூரம் குறைவு, வழியில் காஞ்சிபுரம். கைலாசநாதர் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனால், அதே பல்லவ மன்னன் ராஜசிம்மன் கடலோரத்திலும் கோயில் எடுத்த கதை தானாகப் புரியும். புதுச்சேரிக்கு ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என்று சுற்றவேண்டும்.

ஆனால் துறைமுகத்தைத் தேடிப் போகிறவருக்கு மல்லையில் ஏமாற்றம்தான். யானைகளையும் நவமணிகளையும் சுமந்துவந்த கலங்கள் திருமங்கையாழ்வார் பாசுரத்தோடு நின்றுவிட்டன. இன்று அது சிற்பிகளின் ஊர். சிற்பத்துக்காகப் போங்கள், மார்கழியில் போங்கள். மே மாத நண்பகலில் ஐந்து ரதங்களுக்கு நடுவே நிழல் தேடி அலைந்த என் சித்தி, “தபசு செய்தது அர்ச்சுனனா, நானா?” என்று கேட்டார்.

புதுச்சேரியில் நிழலும் உண்டு, உட்காரத் திண்டும் உண்டு. 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் கடற்கரைச் சாலையிலேயே நிற்கிறது. காந்தி சிலையைச் சூழ்ந்த கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. காலையில் பஸ் ஜன்னல் வழியே பார்த்த அதே செஞ்சி! தெற்கே நடந்தால், ஒருகாலத்தில் இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் சிலை. வடாற்காட்டுக்காரர் அங்கே கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். 1749இல் நம் ஆம்பூரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் மாண்ட போரில், நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்புக்குத் துணையாக வந்தது இந்த மனிதர் அனுப்பிய பிரெஞ்சுப் படை. டூப்ளேயின் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை அக்காலத்து நடப்புகளை நாட்குறிப்பாக எழுதிவைத்தார். அவர் வாழ்ந்த மாளிகையும் ஊருக்குள் இருக்கிறது. நம் ஊர்க் கதையின் பாதி அந்தக் கடற்கரையில் கிடக்கிறது என்பதால் எனக்குப் புதுவைதான்.

ஒரு குறை உண்டு. மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஊரே காலாற நடக்கும். நாமோ அப்போது திண்டிவனம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்போம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். அருங்காட்சியகத்தின் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் சொல்கிறேன்.