ஸ்பிரிங் துவக்கும் சாம்பல் அணிலும்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

போன கிழமைதான் என்னுடைய எயார் ரைபிள், ஸ்பிரிங்கால் காற்றை அமுக்கிச் சன்னத்தைத் தள்ளும் துவக்கு, ஸ்பிரிங்கும் பிஸ்டன் சீலும் மாற்றிக் கடையிலிருந்து திரும்பி வந்தது. அதே கிழமை லெஸ்டரில் இருக்கும் நண்பன் ஃபோன் எடுத்தான். "மச்சான், அணில் உபத்திரவம் தாங்கேலாமக் கிடக்கு. துவக்கு ஒண்டு எடுக்கப் போறன். .177 எடுக்கிறதோ, .22 எடுக்கிறதோ?" இரண்டும் சன்னத்தின் பருமன், அங்குலக் கணக்கில். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். இது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். கதை நீண்டது. "எழுதி அனுப்பு, ஆறுதலா வாசிக்கிறன்" என்று வைத்துவிட்டான்.

கலிபர், அதாவது இந்தப் பருமன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கிலாந்தில் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எயார் ரைபிளின் வலு 12 அடி-இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது. அந்த எல்லைக்குள் .177 சன்னம் செக்கனுக்கு 780 அடி அளவில் தட்டையாகப் பறக்கும். .22 சன்னம் பாரம் கூட, அதனால் 570 அடி அளவில் போய்க் கொஞ்சம் கூடுதலாக விழும். நாற்பது யார் தூரத்தில் இது பெரிய விஷயம். பதினைந்து, இருபது யார் வளவுக்குள் ஒரு விஷயமுமில்லை. நான் .22 வைத்திருப்பது, தை மாதக் குளிரில் விறைத்த விரலால் எடுத்துப் போட அந்தச் சன்னம் சுகமாக இருப்பதால்தான்.

என்னுடைய சண்டை வேறு, துவக்கைப் பிடிக்கும் பிடியோடு.

ஸ்பிரிங் துவக்கில் விசையை அழுத்தியதும் உள்ளே பாரமான பிஸ்டன் முன்னுக்குப் பாயும். அது முன்னுக்குப் பாய, துவக்கு பின்னுக்கு வரும். பிறகு பிஸ்டன் அமுங்கிய காற்றில் போய் முட்ட, துவக்கு முன்னுக்கு உதறும். சன்னம் குழலை விட்டு வெளியேறுமுன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஆகவே துவக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடினால்தான் சன்னம் ஒரே இடத்தில் படும். ஒரே மாதிரி ஆட வேண்டுமென்றால் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும், அதுவும் இறுக்காமல். முன்கைப் பக்கத்தை விரித்த உள்ளங்கையில், கோழிக்குஞ்சை ஏந்துவது போல வைத்து, அதன் பாட்டில் ஆட விட வேண்டும்.

வளவில் கதிரை போட்டு இருந்து, முழங்காலில் கையை ஊன்றி, கடதாசியில் சுட்டால் இருபது யாரில் ஐந்து சன்னமும் ஒரு பவுண் காசுக்குள் அடங்கும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அணில் கதிரை போட்டு வைத்த இடத்துக்கா வருகிறது? அது வரும்போது நான் குசினி வாசலில் நிற்பேன். வாசல் நிலையில் துவக்கைச் சாய்த்தால் சன்னம் இரண்டு விரற்கடை விலகும். யன்னல் கட்டில் நேரே வைத்தால் மேலே போகும். தடித்த ஜக்கெற் போட்டால் தோளில் படும் விதம் மாறி, இன்னொரு கதை. இதைத்தான் இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு விரற்கடை என்பது கடதாசிக்குச் சின்ன விஷயம். உயிருள்ள ஒன்றுக்கு அது உடனே சாவதற்கும், தாடை உடைந்து வேலிக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாவதற்கும் உள்ள வித்தியாசம். சுடக்கூடிய இடம் தலையில் ஓர் அங்குலம்தான். அந்த நிலையில், அந்தத் தூரத்தில் அந்த அங்குலத்துக்குள் ஒவ்வொரு முறையும் போட முடியாதவர் விசையில் விரல் வைக்கக்கூடாது. அதனால் நின்ற நிலையில் நான் சுடுவதேயில்லை. சுடாமல் விட்ட அணில்கள்தான் கூட. அவை என் சோளப்பொத்தியைத் தின்றுகொண்டு என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

நியாயமாகச் சொன்னால் இது என்னுடைய துவக்கின் பிழை இல்லை, ஸ்பிரிங் துவக்குகளின் பிறவிக் குணம். பெயர் சொல்லவில்லை. எந்தப் பெயரை வாங்கினாலும் கூடக்குறைய இதே கதைதான். விலை கூடக்கூட ஆட்டம் மென்மையாகும், இல்லாமல் போகாது.

இந்த இரட்டை உதறல், குறி பார்க்க மேலே பூட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் சும்மா விடாது. ஸ்பிரிங் துவக்குக்கென்று செய்யாத ஸ்கோப்பைப் பூட்டினால் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும், இல்லாவிட்டால் அதைப் பூட்டும் தண்டவாளத்தில் மெல்ல மெல்லப் பின்னுக்கு ஊர்ந்து வரும். பத்து யாரிலிருந்து குவியம் மாற்றக்கூடியதாகப் பார்த்து எடுங்கள். நூறு யாருக்கென்று நிலையாகக் குவித்து வருபவை வளவுத் தூரத்தில் மங்கல்.

திருத்த வேலைக்குப் பிறகு ஒன்று மாறியிருக்கிறது. முன்பு ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே ஸ்பிரிங் 'டொய்ங்' என்று அதிரும், அது கன்னத்தில் தெரியும். இப்போது புது வழிகாட்டித் துண்டும் நல்ல கிறீஸும் போட்டதில் 'டக்' என்று மட்டும் கேட்கிறது. பக்கத்து வீட்டு நாய் தலை நிமிர்த்துவதில்லை. வேகம் அளக்கும் கருவியில் போட்டுப் பார்த்தார்கள், 11.2 அடி-இறாத்தல். சீறுகிறதென்று நீங்களாக எண்ணெய் விட்டு வைக்காதீர்கள். அமுக்க அறைக்குள் போன எண்ணெய் காற்று அமுங்கும் சூட்டில் பற்றி, வலுவை 12-க்கு மேல் தள்ளிவிடக்கூடும். பிறகு கையில் இருப்பது சட்டப்படி வேறு ஆயுதம்.

சட்டத்தைப் பற்றி நண்பனுக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே சுருக்கமாக. பதினெட்டு வயது வேண்டும். இணையத்தில் காசு கட்டினாலும் பதிவு பெற்ற வியாபாரிதான் நேரே உங்கள் கையில் தர வேண்டும். பிள்ளைகள் கையில் எட்டாதபடி கவனமாக வைக்க வேண்டும். உங்கள் சன்னம் வேலியைத் தாண்டினால், ஒருவருக்கும் படாவிட்டாலும், அதுவே குற்றம். நான் கொட்டில் அடியில் பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, அதை நோக்கி மட்டும்தான் சுடுகிறேன். கல்மதில் என்றால் சன்னம் திரும்பி வரும். மரக்கொப்பில் இருக்கும் அணிலை வானத்தைப் பார்த்துச் சுடவே கூடாது. முட்டைக்கோவாவைக் கொத்தும் புறாவுக்குத் துவக்கு எடுக்காதீர்கள். பறவைகளைச் சுடுவதற்கான அரசின் பொது அனுமதியும் அதன் நிபந்தனைகளும் தனிக்கதை, வலை போட்டால் காரியம் முடிந்தது. கிளாஸ்கோவில் இருக்கும் சகலன் "ஒருக்கா தாவன்" என்றார். ஸ்கொட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இதற்கே சான்றிதழ் வேண்டும் என்றதோடு கதை நின்றது.

அம்மா முதலில் இதை வீட்டுக்குள் எடுக்கவே விடவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடின சனத்துக்கு அது விளங்கும். பிறகு எலிக்கு என்றபோது ஒத்துக்கொண்டா. அணிலுக்கு என்றதும் திரும்பக் குழம்பிவிட்டா. "இராமர் தடவின சீவனையெல்லோ சுடப் போறாய்." முதுகில் கோடில்லை அம்மா, இது ஊர் அணிலில்லை, வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1876-இல் செஷயரில் விட்டது, ஒருவகை அம்மை நோயைக் காவித் திரிந்து இந்த நாட்டுச் சிவப்பு அணிலைச் சாகடிக்கிறது, உயிரோடு பிடித்தால் திரும்ப வெளியே விடக்கூடச் சட்டம் இடம் தராது என்று எல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்கள் எங்கயிருந்து வந்தனாங்கள்?" என்றா. அதற்குப் பிறகு அம்மா நிற்கும் நாளில் நான் எலி மட்டும்தான்.

எலிக்கு இது நல்ல சாமான். கோழிக்கூட்டுக்குக் கீழே, மம்மல் பொழுதில், கதிரையில் இருந்து, பன்னிரண்டு யாரில். எலி வந்து போகும் வழி மாறாது, நானும் என் பிடியை மாற்றத் தேவையில்லை. விசை அவ்வளவு சுத்தம், எங்கே விடும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரியும். போத்தல் வேண்டாம், பம்பு வேண்டாம். மாரி முழுக்க அலுமாரிக்குள் கிடந்தாலும், எடுத்து மடக்கிச் சன்னம் போட்டால் அதே வலு. இந்த ஒரு வேலைக்கு இதைவிட வேறொன்றை நான் கேட்க மாட்டேன்.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துச் சுடும் பிசிபி வகையையும் நண்பர் ஒருவரின் வளவில் சுட்டுப் பார்த்தேன். 200 பார் அளவில் அடைத்த காற்று, உதறல் இல்லையென்றே சொல்லலாம். நிலையில் சாய்த்தேன், வேலியில் வைத்தேன், பிடித்த பிடியில் சுட்டேன். ஒரே ஓட்டை. கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் நான் பழகின பழக்கத்துக்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. பம்பு அடிப்பதுதான் சீவன் போகிற வேலை. முன்பு பம்போடு சேர்த்தால் விலை ஸ்பிரிங் துவக்கைப் போல இரண்டு மடங்கு நின்றது, இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது.

ஆகவே மச்சான், அணிலுக்கென்றால் ஸ்பிரிங் வாங்காதே. பிசிபி எடு. உண்மையைச் சொன்னால் அதையும் எடுக்காதே. கோழித்தீனைத் தகரப் பீப்பாவில் போட்டு மூடு, சோளத்துக்குக் கம்பிவலைக் கூடு அடி, எலிக்குப் பலகைப் பெட்டிக்குள் அடிபொறி வை. பொறி இரவிரவாக வேலை செய்யும், பிடி பார்க்காது. உன்ர வளவும் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிற ஒடுக்கமான வளவு.

என்னுடையதை விற்பாயா என்று கேட்காதே. இரண்டாவது ஸ்பிரிங்கும் சீலும் இப்போதே வாங்கி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன்.