கிரிம்சனா, யெஸ்ஸா, ஜெனிசிஸா? முதலிடச் சண்டையில் நான் எந்தக் கட்சி

1972 கோடையில் பில் புரூஃபோர்ட் எடுத்த ஒரு முடிவை ப்ராக் ராக் (நீளமும் சிக்கலான அமைப்பும் கொண்ட ராக் இசை வகை) ரசிகர்கள் இன்றுவரை பேசித் தீர்க்கவில்லை. அவர் யெஸ் குழுவின் டிரம்மர். ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தின் பதிவு முடிந்திருந்தது. இந்த இசை வகையிலேயே அதை மிஞ்ச ஒன்றில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் ஏராளம். அந்த இசைத்தட்டு கடைக்கு வரும் முன்பே புரூஃபோர்ட் குழுவை விட்டு விலகி, கிங் கிரிம்சனில் போய்ச் சேர்ந்தார். யெஸ் அப்போது மளமளவென்று ஏறிக்கொண்டிருந்த குழு. கிரிம்சனிலோ மூன்றே ஆண்டுகளில் கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப்பைத் தவிர எல்லோரும் மாறிப்போயிருந்தார்கள். பணத்தையும் நிம்மதியையும் பார்க்கிற யாரும் எடுக்காத முடிவு அது. நான்கு ஆண்டு கழித்து, 1976இல், அதே புரூஃபோர்ட் ஜெனிசிஸின் கச்சேரிப் பயணத்திலும் டிரம்ஸ் வாசித்தார்.

ஆக, மூன்று வீட்டுச் சமையலறைக்குள்ளும் போய்ப் பார்த்த மனிதர் ஒருவர் இருக்கிறார். எந்தக் குழு பெரியது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். இந்தச் சண்டையில் நான் கட்சி மாறி மாறி நின்றவன். முதலில் ஜெனிசிஸ். பிறகு வெகுகாலம் யெஸ். இப்போது சில ஆண்டுகளாக கிரிம்சன் பக்கம் நிற்கிறேன், இனி நகர மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

முதலில் பிங்க் ஃபிளாய்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வரிக்கே விடமாட்டார்கள். விற்பனைதான் அளவுகோல் என்றால் போட்டியே இல்லை. 1973இல் வந்த ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ 1988 வரைக்குள் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. எனக்கும் அந்தக் குழு உயிர். ‘எக்கோஸ்’ தொடங்கும்போது ஒற்றைப் பியானோ சுரம் ஆழத்துத் தண்ணீருக்குள் சொட்டியது போல ஒலிக்குமே, அதைக் கேட்டு எத்தனையோ இரவுகள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஃபிளாய்டின் பலம் ஒலியின் நிறத்தில் இருக்கிறது, ரோஜர் வாட்டர்ஸின் வரிகளில் இருக்கிறது, டேவிட் கில்மோர் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தும் அழகில் இருக்கிறது. தாளத்தையும் பாட்டின் அமைப்பையும் உடைத்துத் திரும்பக் கட்டிப் பார்ப்பது அவர்களுடைய முதன்மையான கவலையாக இருந்ததில்லை. ‘மணி’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு எண்ணிக்கையில் போகிறது, மிஸ்ர சாப்பு பழகிய காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். சாக்ஸஃபோன் அந்த ஏழிலேயே வாசிக்கிறது. கில்மோரின் கிட்டார் முறை வரும்போது தாளம் நாலுக்கு இறங்கிவிடுகிறது. கிட்டார் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இங்கே தேடுவது வேறு. அதனால் ஃபிளாய்டை வரிசையில் கீழே தள்ளாமல், தனி மேடை போட்டு அதில் வைக்கிறேன்.

நான் தேடுவது என்ன? மூன்று நிமிடப் பாட்டுகளாலேயே வளர்ந்த ராக் இசைக்கு, எழுபதுகளின் தொடக்கத்தில் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும், ஏறக்குறைய இருபது நிமிடம், ஒரே பாட்டுக்காகக் கிடைத்தது. இவ்வளவு பெரிய மனை கையில் கிடைத்தபோது யார் வீடு கட்டினார்கள், யார் வெறுமனே சுற்றுச்சுவரை நீட்டினார்கள்? ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்தால் பாட்டுக்கு வலிக்குமா? என் கேள்வி இவ்வளவுதான்.

இந்தக் கேள்வியோடு போனால் சில குழுக்கள் சீக்கிரமே பின்தங்கிவிடும். எமர்சன், லேக் அண்ட் பாமர் 1971இல் கொடுத்த ‘டார்கஸ்’ ஐந்தெண்ணிக்கையில் பாய்ந்துகொண்டு தொடங்கும்போது மயிர்க்கூச்செறியும். கீத் எமர்சன் அளவுக்கு விரல் ஓடும் ராக் கீபோர்டுக்காரர் இன்னொருவர் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அந்தத் தொடக்கத்தின் சூடு இருபது நிமிடத்துக்கும் தாங்குவதில்லை. ஜெத்ரோ டல் 1972இல் ‘திக் அஸ் எ பிரிக்’ என்று தட்டின் இரு பக்கத்தையும் ஒரே பாட்டால் நிரப்பியது, அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கும் போனது. முதல் பக்கம் பொன். இரண்டாம் பக்கத்தில் வந்த வழியே திரும்ப நடப்பது போல இருக்கிறது. ஜென்டில் ஜயன்ட் நீளத்தின் பக்கமே போகவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் நாலு குரல்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிக் காட்டும் குழு அது. வாசிப்புத் திறமை ஒன்றுதான் கணக்கு என்றால் அவர்களுக்குத்தான் முதல் மாலை.

வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழுவைப் பற்றி மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை. பீட்டர் ஹாமிலின் குரல் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. 1971இன் ‘பான் ஹார்ட்ஸ்’ ஆல்பத்தில் கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவனின் தனிமையைப் பற்றி இருபத்து மூன்று நிமிடப் பாட்டு இருக்கிறது. கப்பல்கள் உடைவதைப் பார்த்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாமல் நிற்கிறவனின் குற்றவுணர்வு அது. அதை அந்தக் கரடுமுரடான குரலைத் தவிர வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. தாய்நாடான இங்கிலாந்து சரியாகக் கண்டுகொள்ளாத அந்த ஆல்பத்தை இத்தாலி தலையில் தூக்கிவைத்து முதலிடம் கொடுத்தது. இத்தாலிக்காரர்களின் காதுக்கு என் வணக்கம்.

சரி, மூவருக்கு வருவோம்.

ஜெனிசிஸின் பெரிய பாட்டு, 1972இல் வந்த ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தின் ‘சப்பர்ஸ் ரெடி’. ஏழு பகுதி, இருபத்து மூன்று நிமிடம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு காதல் ஜோடியில் தொடங்கி, பைபிளின் வெளிப்படுத்தல் நூல் வழியாகப் போய், புதிய எருசலேமில் முடிகிறது. பீட்டர் கேப்ரியல் மேடையில் பூவாக மாறியும் வேடங்கள் மாற்றியும் பாடியதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் இந்தப் பாட்டின் உயிர் ஆறாம் பகுதியில் இருக்கிறது. ஒன்பது எண்ணிக்கை. பேஸும் டிரம்ஸும் அந்த ஒன்பதைவிட்டு ஓர் அடி நகராமல் நிற்க, டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் அலைகிறது. எங்கே போய்ச் சேரப்போகிறாரோ என்று நமக்கு மூச்சு முட்டுகிறது. கடைசியில் எல்லாம் ஒன்று கூடி வெடிக்கும் இடத்தில், ஆரம்பத்தில் தயங்கித் தயங்கி வந்த மெட்டு முழு உருவத்தோடு திரும்பி வரும். அந்த இடத்தில் கண் கலங்காமல் நான் கேட்டதே இல்லை.

ஆனாலும் வெட்டினால் வலிக்குமா என்ற கேள்விக்கு இந்தப் பாட்டு முழுசாகத் தாங்குவதில்லை. நடுவில் வரும் ‘வில்லோ ஃபார்ம்’ கேப்ரியல் தனியாக வைத்திருந்த பாட்டு, பிறகு உள்ளே செருகப்பட்டது. செருகிய தையல் தெரிகிறது. அடுத்த ஆண்டு வந்த ‘செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்டு’ ஆல்பத்தில் அவர்கள் தையலைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாட்டில் புல்லாங்குழல் மெல்லச் சொன்ன மெட்டை ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டார் பின்னால் வந்து அகலமாக விரித்துப் பாடுவதைக் கேளுங்கள். மெட்டுக்கு மூவரில் ஜெனிசிஸ்தான். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

யெஸ்ஸின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பத்தொன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவலில் வரும் ஆறு பாடகர் ஜான் ஆண்டர்சனின் மனதில் ஓடியிருக்கிறது. நீரும் பறவைகளுமாகத் தொடங்கி, திடீரென்று ஐந்து பேரும் ஐந்து திசையில் ஓடுவது போல ஒரு புயல் கிளம்பும். முதல் தடவை கேட்கிறவருக்கு அது கூச்சலாகத்தான் படும். பத்தாவது தடவை ஒவ்வொருவரும் எங்கே காலை ஊன்றுகிறார்கள் என்று தெரியும். அதே பல்லவி வேறு வேறு உடை போட்டுக்கொண்டு வருகிறது. நடுவில் எல்லாம் அடங்கி, குரல்கள் மட்டும் மிதக்க, லண்டன் தேவாலயம் ஒன்றில் பதிவான குழாய் ஆர்கன் மலை போல எழும்புகிறது. பிறகு பல்லவி திரும்பும்போது வேகம் இரட்டித்தது போல இருக்கும். கிறிஸ் ஸ்குவைரின் பேஸ் கிட்டார் இதில் துணைக்கு வருவதில்லை, வழி காட்டுகிறது. துண்டு துண்டாக வாசித்து, ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்ட் நாடாவை வெட்டி ஒட்டிச் செய்த பாட்டு என்று சொன்னால் நம்ப முடியாது. ஒரு நிமிடம் வெட்டிப் பாருங்கள், ரத்தம் வரும். தனி ஒரு பாட்டுக்குப் பரிசு என்றால் இதற்குத்தான், இன்றும் என் வாக்கு அப்படியே இருக்கிறது.

பிறகு ஏன் கட்சி மாறினேன்? அதன் பின் நடந்ததால். 1973 மார்ச்சில் புரூஃபோர்டின் கல்யாண விருந்தில், கிரிம்சனின் தாளவாத்தியக்காரர் ஜேமி மியூர் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ பற்றிப் பேசினார். அதில் சாஸ்திரங்களை விளக்கும் ஓர் அடிக்குறிப்பு ஆண்டர்சனைப் பிடித்துக்கொண்டது. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நாலு பிரிவு. நாலுக்கும் ஆளுக்கொரு தட்டுப் பக்கம். இப்படித்தான் ‘டேல்ஸ் ஃபிரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்ற எண்பது நிமிட இரட்டை ஆல்பம் பிறந்தது. நம் ஊர்ச் சொற்களிலிருந்து முளைத்தது என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு, முதல் பக்கத்தை இன்றும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் இங்கே இருபது நிமிடம் என்பது முன்கூட்டியே முடிவான அளவு. பாட்டு அந்த அளவை நிரப்ப வேண்டியதாயிற்று. இரண்டாம் பக்கத்தில் பாதியை எடுத்தாலும் எதுவும் குறையாது. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கே அது ஒட்டவில்லை, 1974இல் விலகிவிட்டார்.

அதே 1974இல் கிரிம்சன் ‘ரெட்’ ஆல்பத்தைச் செய்தது. அதன் கடைசிப் பாட்டு ‘ஸ்டார்லெஸ்’ வெறும் பன்னிரண்டு நிமிடம். மெல்லோட்ரானின் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) சோகமான தந்தி ஒலி, அதன் மேல் ஜான் வெட்டனின் களைத்த குரல். நாலு நிமிடத்தில் பாடல் வரிகள் முடிந்துவிடும். பிறகு பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு பேஸ் வரி தொடங்குகிறது. அதைக் கொண்டுவந்தவர் புரூஃபோர்ட்தான். அதற்கு மேல் ஃபிரிப் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார். ராக் உலகின் மிகக் கூர்மையான கிட்டார் விரல்களில் ஒன்று, ஒற்றைச் சுரத்தைத் தட்டிக்கொண்டு பொறுமையாக நிற்கிறது. மெல்ல அது அரைப்படி ஏறுகிறது, பிறகு இன்னொன்று. நெஞ்சில் கயிற்றை முறுக்குவது போல நிமிடக் கணக்கில் இது நடக்கிறது. தாங்க முடியாத இடத்தில் கயிறு அறுந்து எல்லோரும் பாய்கிறார்கள், தொடக்கத்தின் அந்தச் சோக மெட்டு சாக்ஸஃபோனில் பெருக்கெடுத்து வந்து முடிக்கிறது. இருபது நிமிடத்தில் மற்றவர்கள் செய்ததை இவர்கள் பன்னிரண்டில், பாதிச் சுரங்களோடு செய்தார்கள். தட்டு வெளிவரும் முன்பே ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார்.

அதே ஆண்டு ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ ஆல்பத்தில் ‘ட்ரியோ’ என்று ஒரு துண்டு இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் கச்சேரியில் அந்த நேரத்திலேயே பிறந்தது. வயலின், பேஸ், மெல்லோட்ரான் மூன்றும் மெதுவாகப் பேசிக்கொள்ள, புரூஃபோர்ட் குச்சிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். தட்டாமல் இருந்ததே அந்த இசைக்கு அவர் தந்த பங்கு என்று சொல்லி, மற்றவர்கள் அவர் பெயரையும் ஆக்கியோர் வரிசையில் சேர்த்தார்கள். யெஸ்ஸின் உச்சத்திலிருந்து அவர் ஏன் எழுந்து போனார் என்பதை இந்தத் துண்டுதான் எனக்குப் புரியவைத்தது.

கிரிம்சனிடம் குறை இல்லாமல் இல்லை. 1969இன் முதல் ஆல்பம் இந்த இசை வகைக்கே கதவைத் திறந்துவிட்ட தட்டு. ஜனவரியில் ஒத்திகை தொடங்கியவர்கள் ஜூலையில் ஹைடு பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் லட்சக்கணக்கானோர் எதிரே வாசித்தார்கள். ஆனால் அதே ஆல்பத்தின் ‘மூன்சைல்டு’ பாட்டில் முதல் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு வருவதை என் அளவுகோல் மன்னிக்காது. இரண்டாவது ஆல்பம் முதலாவதின் நிழல். ஆனால் 1981இல் ‘டிசிப்ளின்’ ஆல்பத்தோடு திரும்பியபோது பழைய குழுவின் மெல்லோட்ரானும் இல்லை, இருபது நிமிடமும் இல்லை. ஃபிரிப்பும் ஏட்ரியன் பெலூவும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள். ஒருவர் சுற்றுக்கு ஒரு சுரத்தை விடுகிறார். இரு கிட்டார்களும் விலகி விலகிப் போய், கோர்வை சமத்தில் வந்து விழுவது போல மறுபடி ஒன்று சேர்கின்றன. அந்தக் காலத்தில் ஜெனிசிஸும் யெஸ்ஸும் வானொலிக்கேற்ற பாட்டுகளுக்கு நகர்ந்துவிட்டன. யெஸ் 1984இல் ஒரு பாட்டால் அமெரிக்காவில் முதலிடமே பிடித்தது. நல்ல பாட்டுதான், குறை சொல்லவில்லை. தன் பழைய உருவத்தை மூன்று முறை கலைத்துப் போட்டுவிட்டு மூன்று முறையும் புதிதாக ஒன்றைக் கட்டிய குழு கிரிம்சன் மட்டும்தான்.

ஆகவே என் வரிசை: கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், வான் டெர் கிராஃப், ஜென்டில் ஜயன்ட். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. ஜெனிசிஸின் ‘தி சினிமா ஷோ’ பாட்டின் பின்பாதியில் பேங்க்ஸின் கீபோர்டு ஏழு எண்ணிக்கையில் ஏறிக்கொண்டே போவதைக் கேட்கும் நாளில் அந்த இரண்டு பெயரையும் இடம் மாற்றிவிடுவேன். புதிதாகக் கேட்க வருகிற நண்பர்களுக்கு நான் கிரிம்சனை முதலில் கொடுப்பதில்லை. அந்தப் பாட்டைத்தான் கொடுக்கிறேன், அதுவும் 1977இல் வந்த ‘செகண்ட்ஸ் அவுட்’ கச்சேரிப் பதிவிலிருந்து. பாரிஸில் பதிவானது. டிரம்ஸில் புரூஃபோர்டும் இருக்கிறார்.