கோவளம் சாலையில் ஒரு விபத்து: விருந்தினருக்கு எவ்வளவு விலக்குரிமை?

2023 ஜனவரி 31 அன்று ஜி20 கல்விக் குழுவின் முதல் கூட்டம் சென்னையில்தான் தொடங்கியது. அப்படி வரும் வெளிநாட்டுப் பிரதிநிதிக்கு எவ்வளவு விலக்குரிமை, அதாவது கைதிலிருந்தும் வழக்கிலிருந்தும் சட்டப் பாதுகாப்பு, தரலாம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும். கூட்டம் முடிந்த மாலை, ஒரு பிரதிநிதி வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மாமல்லபுரம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவளம் அருகே மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் ஒரு பெண்மீது கார் மோதி, அவர் கால் முறிகிறது. (உள்ளூர் ஓட்டுநர் என்றால் சிக்கல் குறைவு, அவருக்கு எந்த விலக்கும் கிடையாது.)

முழுத் தூதர் அந்தஸ்து தருவது ஒரு வழி. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கைக்கு இந்தியாவில் சட்ட வலு தந்தது 1972ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி தூதரைக் கைது செய்யவோ, அவர்மீது குற்ற வழக்கு நடத்தவோ முடியாது. உரிமையியல் வழக்கிலும் தனிப்பட்ட அசையாச் சொத்து, வாரிசுரிமை, சொந்தத் தொழில் என மூன்றே விதிவிலக்குகள். சாலை விபத்து அவற்றில் இல்லை. அவரை அனுப்பிய நாடு விலக்குரிமையைக் கைவிட்டால்தான் அந்தப் பெண் நீதிமன்றம் போக முடியும். 1997இல் வாஷிங்டனில் ஒரு சிறுமி இறந்த கார் விபத்தில் ஜார்ஜியா நாடு அப்படிக் கைவிட்டது. அதன் தூதரக அதிகாரி சிறை சென்றார். 2015இல் குர்கானில் நேபாளப் பெண்களை வதைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சவுதி அதிகாரியோ விலக்குரிமையோடு நாடு திரும்பிவிட்டார். பகை நாட்டிலும் ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டிய தூதருக்கு இந்தக் கவசம் வேண்டும்தான். மூன்று நாள் விருந்தினருக்கு இது மிகை.

சட்டமே இல்லாமல் விருந்தோம்பலை மட்டும் நம்புவது அதைவிட மோசம். அப்போது எல்லாம் காவல் நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்பைப் பொறுத்தது. பிரதிநிதிக்கும் உறுதியில்லை, அடிபட்டவருக்கும் உறுதியில்லை.

நான் ஆதரிப்பது இந்தியாவின் 1947ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் (சலுகைகள், விலக்குரிமைகள்) சட்டத்தின் வழியை. ஐ.நா.வின் 1946 உடன்படிக்கையை ஒட்டிய அதன் அட்டவணை, ஐ.நா. மாநாட்டுக்கு வரும் பிரதிநிதியைப் பணி செய்யும்போதும் கூட்டத்துக்கு வந்துபோகும் பயணத்திலும் கைதிலிருந்து காக்கிறது. வழக்கிலிருந்து விலக்கோ, பிரதிநிதி என்ற முறையில் பேசியது, எழுதியது, செய்தது ஆகியவற்றுக்கு மட்டும். கடற்கரை பார்க்கப் போன பயணம் என் வாசிப்பில் அதற்குள் வராது. நீதிக்குத் தடையானால், பணிக்குப் பாதகமில்லாத வரை, விலக்கைக் கைவிடுவது அனுப்பிய நாட்டின் கடமை என்றும் அது சொல்கிறது. 1961 உடன்படிக்கை அந்தக் கடமையை விதிக்கவில்லை. அரசிதழ் அறிவிக்கை மூலம் இதே பாதுகாப்பை மற்ற சர்வதேச அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கும் அரசு நீட்டிக்கலாம்.

இதிலும் ஒரு குறை உண்டு: வாகன விபத்து பற்றி வெளிப்படையான வரி இல்லை. 1963 துணைத் தூதரக உடன்படிக்கை, வாகன விபத்தால் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபரின் இழப்பீட்டு வழக்குக்கு விலக்குரிமை செல்லாது என்கிறது. சிறப்புத் தூதுக்குழுக்களுக்கான 1969 உடன்படிக்கையும் அலுவலுக்கு வெளியே ஓட்டிய வாகனத்துக்கு அப்படியே சொல்கிறது. அந்த வரியை நம் சட்டத்திலும் எழுதிச் சேர்க்க வேண்டும். இருந்தால், செங்கல்பட்டு நீதிமன்றத்தில் இழப்பீட்டு மனு போடும் அந்தப் பெண், அலுவல் எது, உலா எது என்ற வாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.