மும்பை மழைக்காலத்தில் பிரஷ் பிரைமர்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் மினியேச்சர் பொம்மைகளுக்கு ஸ்பிரே பிரைமரை (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) எடுக்காமல் இருப்பது நல்லது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சின் மேல் படிகிறது. மாடல் வெளிறிச் சொரசொரப்பாகிவிடும். செம்பூர், முலுண்ட் ஃபிளாட்டுகளில் ஸ்பிரே அடிக்க மொட்டை மாடிதான் இடம்; மழையில் அதுவும் போச்சு. அதனால் வார்ஹாமர் 40,000 என்ற மேசை விளையாட்டின் கவசச் சிப்பாய் பொம்மைகளான ஸ்பேஸ் மரீன்களுக்குப் பிரஷ்ஷால் பூசும் பாலியூரித்தேன் கலந்த அக்ரிலிக் பிரைமரே கைகொடுக்கிறது.

பாட்டிலை ஓங்கிக் குலுக்காதீர்கள், குமிழி வரும். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் போதும். சிந்தெடிக் பிரஷ் எடுங்கள். சேபிள் எனும் விலங்கு முடி பிரஷ் இதில் பாழாகும். முதல் கோட் திட்டுத்திட்டாக, அடியில் பிளாஸ்டிக் தெரியும்படிதான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி அங்கேயே இன்னும் அப்பினால்தான் சிக்கல்: ஹெல்மெட்டின் வாய்ப்பட்டை, முதுகுப் பைக்கும் தோள் கவசத்துக்கும் இடையிலுள்ள இடுக்கு, துளையிட்ட துப்பாக்கி வாய் எல்லாம் அடைந்துபோகும். அங்கே தேங்கியதை உலர்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, காய்ந்ததும் இரண்டாவது கோட் கொடுங்கள். தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். முழுதாக இறுக ஒரு நாள், அடைமழையில் இரண்டு நாள் விடுங்கள்.

இதன் பெரிய குறை, உப்புத்தாள் போட முடியாது. தேய்த்தால் தோலாக உரிந்து வரும். ஆகவே மோல்ட் லைன்களை, அதாவது அச்சு இணைந்த இடத்தில் எழும் கோடுகளை, பிரைமருக்கு முன்பே கத்தி முதுகால் சுரண்டி முடித்துவிடுங்கள். ரெசின் மாடலென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் பூசவே கூடாது. கையையும் துப்பாக்கியையும் தனியாகப் பெயின்ட் செய்பவர்கள் ஒட்டும் முனையில் பிரைமர் படாமலிருக்க புளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய மெழுகு போன்ற பசை) வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பசை பாலிஸ்டைரீனை உருக்கித்தான் ஒட்டுகிறது, பிரைமர் மேல் அதற்கு வேலையில்லை.

மழையில் வாஷும் (இடுக்குகளில் நிழல் காட்ட விடும் நீர்த்த பெயின்ட்) மெதுவாகவே காயும். கவசம் முழுக்க ஓட்டினால் தோள்பட்டையின் நடுவில் வளையக் கறை விழும். இடுக்குகளில் மட்டும் விடுங்கள்.

பெயின்டைக் காயாமல் ஈரமாக வைக்கும் வெட் பேலட்டுக்குக் காற்றுப் புகாத டப்பா, ஸ்பான்ஜ், பேக்கிங் பார்ச்மென்ட் தாள் போதும். மெழுகுத்தாள் தண்ணீரை விடாது. இந்த ஊர் ஈரத்தில் சில நாளிலேயே பூஞ்சை வாடை அடிக்கும். செம்புத் துண்டு போட்டால் தள்ளிப்போகும் என்பார்கள்; ஒரு ரூபாய் நாணயம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் உதவாது, எலக்ட்ரிக் கடையில் செம்புக் கம்பித் துண்டு கேளுங்கள். எப்படியும் வாரம் ஒருமுறை ஸ்பான்ஜைக் கழுவியே ஆகணும்.

வார்னிஷும் பிரஷ்ஷால்தான். மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்லும் பொடி அடியில் தங்கும். நன்றாகக் கலக்காவிட்டால் ஒரு மாடல் பளபளக்கும், அடுத்தது வெள்ளையாகப் பூக்கும். பூத்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். மேலே பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பும். பிறகு மெல்லிய மேட்.

காலாட்படைக்கு இந்தப் பிரைமரைத் தாராளமாகச் சொல்லலாம். டேங்க் மாதிரி அகலமான தகடுள்ள வண்டிகளில் பிரஷ் கோடு தெரியும். அவற்றைப் பெட்டியிலேயே வைத்திருந்து, நவம்பரில் காற்று காய்ந்த பிறகு ஸ்பிரே அடியுங்கள்.