டோனி மாரிசன் குரலில் ‘பிலவ்ட்’: ஒலிப்புத்தகம் எப்படி?

‘பிலவ்ட்’ நாவலைக் கேட்க நினைப்பவர்கள் அதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனே வாசித்த பதிப்பைத் தேடி வாங்குங்கள். பாத்திரத்துக்கொரு குரல், நடிப்பு எதுவும் கிடையாது. தணிந்த குரலில், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து வாசிக்கிறார்.

அந்த நிறுத்தங்களில் ஒரு எடிட்டரின் காது தெரிகிறது. நியூயார்க்கில் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் 1983 வரை வேலை பார்த்தவர், கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ், குத்துச்சண்டை வீரர் முகமது அலி இருவரின் சுயசரிதைகளையும் எடிட் செய்து கொண்டுவந்தவர், இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டே விடியும் முன் எழுந்து நாவல் எழுதியவர். இந்தக் கதையின் விதையும் அந்த வேலையில்தான் கிடைத்தது. 1974இல் வெளியான ‘தி பிளாக் புக்’ என்ற கறுப்பின அமெரிக்கர் வரலாற்றுத் தொகுப்புக்காகப் பழைய ஆவணங்களைச் சேர்த்தபோது, அடிமைத்தளையிலிருந்து தப்பியோடி, பிடிபடும் நேரத்தில் தன் குழந்தையைக் கொன்ற மார்கரெட் கார்னர் பற்றிய செய்தி கண்ணில் பட்டிருக்கிறது. அது 1987இல் நாவலாகி, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசும் வாங்கியது. எடிட்டர் வேலை எழுத்தைத் தின்றுவிடும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

குறை என்றால், குரல் ரொம்பத் தணிவு, பஸ் இரைச்சலில் சில வாக்கியங்கள் காணாமலே போய்விடும். அப்புறம், கதை முன்னும் பின்னும் தாவுவதால் அச்சுப் புத்தகமும் கையில் இருந்தால் நல்லது. முதல்முறை படிப்பவர்கள் வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள்.