டர்பனில் இறக்கைக்கு ஃபிலிம் ஒட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

டர்பன் பக்கம் மாடல் விமானம் வைத்திருப்பவர்கள், இறக்கைக்கு ஃபிலிம் (சூடு காட்டினால் ஒட்டி இறுகும் மெல்லிய பிளாஸ்டிக் உறை) ஒட்டும் வேலையை வெளியாளிடம் கொடுப்பதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பளபளப்பைப் பார்த்ததும் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.

பால்சா என்ற லேசான மரத்தில் நானே செய்த இறக்கை. எனக்கு ஷிஃப்ட் வேலை, பொறுமையாக உட்கார்ந்து ஒட்ட நேரம் கிடைப்பதில்லை. அதனால் வெள்ளையும் சிவப்புமாக ஒராகவர் என்ற ஃபிலிம் சுருள்கள் வாங்கி, சாட்ஸ்வர்த்தில் வீட்டிலிருந்தே இந்த வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். ஜெர்மன் சரக்கு, ரேண்ட் இருக்கிற நிலையில் விலை கையைக் கடிக்கும். "விடுங்க தம்பி, கண்ணாடி மாதிரி பண்ணித் தர்றேன்" என்றார். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டார். தைப்பூசக் காவடிக்கு முன்னால் தருவதாகச் சொன்னவர், காவடி முடிந்து வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "மிச்ச ஃபிலிம் எங்கே அண்ணா?" என்றேன். எல்லாம் தீர்ந்துபோச்சாம்.

மைதானத்தில் வெயிலில் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பக்கம் தொளதொளவென்று ஆனது. மேல்பக்கம் இறுகியபடியே இருந்ததால் இறக்கை முறுக்கிக்கொண்டு, இடது நுனியின் பின்விளிம்பு கீழே இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் நுனி காற்றை அதிகக் கோணத்தில் எதிர்கொள்ளும். தரையிறங்க வேகம் குறைக்கும்போது முதலில் தூக்குவிசையை இழப்பது அந்த நுனிதான், விமானம் அந்தப் பக்கமே சாயும். பறக்கவிடாமல் கழற்றி வைத்தேன்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது கண்டபடி வேலை செய்திருப்பது தெரிந்தது. முதலில் கீழ்ப்பக்கம் ஒட்டி, பிறகு மேல்பக்க ஃபிலிமை முன்விளிம்பைச் சுற்றி மடித்து ஒட்டுவதுதான் முறை. இவர் தலைகீழாகச் செய்திருக்கிறார். இரண்டு நிறம் சேரும் இடத்தில் வெளிர் நிறம் அடியிலும் அடர் நிறம் மேலேயும் வர வேண்டும். இங்கே சிவப்பின் மேல் வெள்ளை, விளிம்பெல்லாம் ரோஸ் கோடு. தேய்த்த மரத்தூளைக்கூடத் துடைக்கவில்லை, ஃபிலிமுக்கு அடியில் மணல் மாதிரி நெருடுகிறது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்தது இன்னொன்று. எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து அயர்ன் வைத்துப் பார்த்தேன். ஒராகவர் இறுகும் சூட்டிலேயே அது ஓட்டையாகிவிட்டது. ஒராகவர் பாலியெஸ்டர், உருக 250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பாலிப்ரொப்பிலீன் மாதிரி மலிவு பிளாஸ்டிக்கோ 160 டிகிரியிலேயே உருகிவிடும். என் சுருளை வைத்துக்கொண்டு ஏதோ மலிவு ஃபிலிமை ஒட்டியிருக்கிறார் என்பதுதான் என் முடிவு.

போன் செய்தேன். "டர்பன் ஈரக்காத்து தம்பி, உங்க மரம் தண்ணி குடிச்சிருக்கு" என்றார். ஈர மரத்தில் கொப்புளம் வரும், சரி. வெள்ளை சிவப்பு மேலே ஏறுவதும் ஈரக்காற்றாலா? முறுக்கையாவது எடுத்துக் கொடுங்கள் என்றேன். இறக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சூடு காட்டும் வேலை அது. அதற்கும் தனியாகப் பணம் கேட்டார். அப்புறம் போனையே எடுப்பதில்லை.

கொடுப்பவர்கள் சுருளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத் துண்டுகளைத் திரும்பக் கேளுங்கள். வாங்கும்போது சமதளத்தில் வைத்து, இறக்கையைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ரசீது தராதவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, வேலை மோசமாக இருந்தால் சரிசெய்து தரவோ பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கலாம். சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பை 2019இல் 20,000 ரேண்டாக உயர்த்தினார்கள், அங்கே வக்கீலுக்கு இடமில்லை. நான் கடிதம் அனுப்பிவிட்டேன். இதே மாதிரி சுருள் காணாமல் போன அனுபவம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் யாருக்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள்.