&, @: எதன் கதை சுவை?

வடிவம் என்று பார்த்தால் எனக்கு & பிடிக்கும். பெயர் என்று வந்தால் @ பக்கமே சாய்வேன்.

& பிறந்த கதையில் குழப்பம் இல்லை. லத்தீனில் 'எட்' (et) என்றால் 'மற்றும்'. அதன் இரண்டு எழுத்துகளையும் வேகமாகச் சேர்த்து எழுதியதில் வந்தது. பழைய ரோமானிய நகரமான பொம்பெய்யின் சுவர்க் கிறுக்கல்களிலேயே இந்தச் சேர்க்கை உண்டு. சாய்வெழுத்தில் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சில எழுத்துருக்களில் இடப்பக்கம் E, வலப்பக்கம் T, இன்றும் தெரியும். முன்பு ஆங்கிலப் பிள்ளைகள் அகரவரிசை ஒப்பிக்கையில் இசட்டுக்கு அப்புறம் இந்தக் குறியையும் சேர்த்து 'அண்ட் பெர் சே அண்ட்' என்பார்கள். 'தனியே நின்றால் அண்ட்' என்று பொருள். அது வாயில் மசிந்து, குறியின் ஆங்கிலப் பெயரான 'ஆம்பர்சண்ட்' ஆனது.

@ எப்படிப் பிறந்தது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. 1536இல் ஸ்பெயினின் செவில்லிலிருந்து ஓர் இத்தாலிய வணிகர் எழுதிய கடிதத்தில், மது ஜாடி அளவைக் குறிக்க வருகிறது. ஸ்பானியத்தில் இதன் பெயர் 'அரோபா'. அது சுமார் 11.5 கிலோ கொண்ட பழைய எடை, அரபியில் 'கால் பங்கு' என்ற சொல்லின் வழி வந்தது. 1971இல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் மின்னஞ்சலுக்கு இதை எடுத்துக்கொண்டார். சரி, பெயர்களைப் பாருங்கள்: இத்தாலியருக்கு நத்தை, ரஷ்யருக்கு நாய், டச்சுக்காரருக்குக் குட்டிக் குரங்குவால், கிரேக்கருக்கு வாத்துக்குஞ்சு. செக் மொழியில் சுருட்டி ஊறவைத்த மீன்!

நம்மூரிலும் இதற்குத் தனி வேலை உண்டு. காவல்துறை, நீதிமன்றத் தாள்களில் 'குமார் @ செல்வகுமார்' என்றிருந்தால், 'குமார் என்கிற செல்வகுமார்' என்றே வாசிக்கிறோம்.